மல்லிகையில் இருந்த இண்டோல்

பதினொன்றாம் வகுப்புக்கு பென்சீன் நடத்துவதென்றால் எனக்கு ஒரு தனி குஷி. அரோமாட்டிக் என்றால் மணமுள்ளது, முதலில் கிடைத்த சிலவற்றுக்கு நல்ல வாசனை இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று ஆரம்பித்து, கிராம்பு, பட்டை, வெனிலா என்று ஒரு சுற்றுப் போய்வந்த பிறகுதான் போர்டில் அறுகோணம் போடுவேன். எனக்குக் கொரோனா வந்துபோனதற்கு அடுத்த வருடம் அந்த வாசனைச் சுற்றை அவசரமாக முடித்துக்கொண்டு அறுகோணத்துக்கு ஓடினேன்.

காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு வாசனை திரும்பியது, ஆனால் கோணல்மாணலாகத் திரும்பியது. காபியில் ரப்பர் கருகியது. மல்லிகைப் பூவில் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் நாறியது. "நரம்பு திரும்ப முளைக்கறப்ப இப்படித்தான் தடுமாறும். சரியாகலாம், ஆகாமலும் போகலாம்" என்றார் டாக்டர், செல்போனைப் பார்த்துக்கொண்டே. அந்த போனைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

காபி போனால் போகட்டும். மல்லிகையை என்ன செய்வது? என் வீட்டுக்காரர் சமயநல்லூரில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கல்யாணமான நாளிலிருந்து சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது வண்டி ஹேண்டிலில் ஒரு முழம் மல்லிகை தொங்கும். "இந்தா" என்று நீட்டுவார். அவர் என்னிடம் சொல்லவேண்டியது எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. எங்கள் ஊரில் வாழுகிற பெண் பூ வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்துக்கொள்வேன். அவர் குளிக்கப் போனதும் எடுத்து மீனாட்சி படத்துக்குப் போட்டுவிடுவேன்.

அன்றைக்கு வகுப்பில் ஒருத்தி எழுந்து, "மிஸ், மல்லிப்பூவுலயும் பென்சீன் இருக்கா?" என்று கேட்டாள். பென்சீனாக இல்லை, ஆனால் அந்த வளையம் இருக்கிறது என்றேன். பென்சைல் அசிட்டேட் என்று ஒன்று, மல்லிகைக்கு அந்த இனிப்பு மணத்தைத் தருவது. இண்டோல் என்று இன்னொன்று, பென்சீன் வளையத்தோடு நைட்ரஜன் உள்ள ஒரு சின்ன வளையம் ஒட்டியது. துளியூண்டு இருந்தால் பூவுக்கு அழகு. மலத்திலும் அதுதான் இருக்கிறது. பிள்ளைகள் "அய்யே" என்று மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூ கெடவில்லை, எனக்கும் பித்துப் பிடிக்கவில்லை, என் மூக்கு ஒன்றைத் தொலைத்துவிட்டு மற்றதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது போல என்று அங்கேயே நின்றபடி புரிந்துகொண்டேன்.

புரிந்து என்ன பிரயோஜனம்? அன்று சாயந்தரமே பூவைப் படத்துக்குப் போடும்போது அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

"ஏன், நான் வாங்கிட்டு வந்தது பிடிக்கலையா?"

பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் கோபம் வந்தால் கண்மண் தெரியாதே. "கக்கூஸ் நாத்தம் அடிக்குது. எம்புட்டு நாளைக்குத்தான் நானும் சகிச்சுக்கிறது?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் வெறுங்கையோடு வந்தார். அந்த நாற்றத்தைக்கூடத் தாங்கிவிடலாம், வெறும் ஹேண்டிலைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றார். "அந்தப் பூவுல அப்படி என்னதான் இருக்கு? எனக்கும் சொல்லு" என்றார்.

ஈரவிரலால் மேடையில் அறுகோணம் போட்டேன். "உங்க பட்டறையில பெயின்ட்ல கலக்குற தின்னர் இருக்கில்ல, அதுல டொலுயீன்னு ஒண்ணு. அதுலயும் இதே வளையம்தாங்க."

"தின்னரும் மல்லியும் ஒண்ணா?"

"தூரத்துச் சொந்தம்."

இண்டோலையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். வரைந்தது காய்ந்துபோகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? இம்புட்டு நாளா தலையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்க" என்றார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து கனகாம்பரம் வந்தது. அதற்கு மணமே கிடையாது என்று பூக்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். கூடவே சட்டைப் பையில் ஒரே ஒரு மல்லிகை மொட்டு. அதை என் மூக்கருகில் நீட்டி, "இன்னைக்கு?" என்பார். "இன்னைக்கும் நாத்தம்தான்" என்பேன். "சரி" என்று மொட்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார். மாதக்கணக்கில் இதேதான் நடந்தது. சித்திரைத் திருவிழா வந்தது, ஊரே மல்லிகையும் சந்தனமுமாக நடந்தது, நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். இனி இது திரும்பாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஒருநாள், பாவம் இந்த மனுஷன் என்றிருந்தது. அவர் "இன்னைக்கு?" என்றதும், "வாசம் வருதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் முகத்தையே பார்த்தார். "பொய் சொல்லாத. மூக்கச் சுளிச்சுக்கிட்டே சொல்ற."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வராதுங்க. இனிமே எனக்கு வரவே வராது. மல்லி எப்படி மணக்கும்ங்கறதே மறந்துபோச்சு. நீங்களாவது சொல்லுங்க, எப்படி இருக்கும் அது?"

நான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. நன்றாக இருக்கும் என்பதற்கு மேல் அவருக்கு என்ன சொல்லத் தெரியும்? மொட்டைத் தன் மூக்கருகில் வைத்து முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார்.

"நீ வந்த புதுசுல நம்ம வீடு இருந்துச்சுல்ல" என்றார். "அந்த மாதிரி இருக்கும்."