பதினாலாம் நம்பர் ஆட்டக்காரனும் நான் சொன்ன பொய்யும்

டெட்ராய்ட்டில் கூடைப்பந்து பார்க்கப் போனால் கழுத்துவலியோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆட்டம் நடப்பது என்னவோ பத்து வரிசைக்குக் கீழே, கண்ணுக்கு நேராக. ஆனால் அரங்கத்தில் பாதிப் பேர் அண்ணாந்து, கூரையில் தொங்கும் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் பார்ப்பதால் நானும் பார்த்துவிடுகிறேன். ஒருநாள் முன்வரிசைக்காரர் ஒருவரிடம், ஆட்டம் கீழேதானே நடக்கிறது, ஏன் மேலே பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவரோ, தன் தலை மறைக்கிறது என்று நான் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஸாரி சொல்லி உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தார். அதற்கப்புறம் கடைசி வரை இரண்டு பேருமே நிம்மதியாக ஆட்டம் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களை நேரில் பார்க்கிறானே, கொடுத்துவைத்தவன் என்று மதுரையில் இருக்கும் நண்பர்கள் நினைக்கிறார்கள். எனக்கு வருவதெல்லாம் எரிச்சல்தான். வளையத்துக்குக் கீழே பனைமரம் மாதிரி ஒருவன் சும்மா நிற்கிறான். அவனுக்குப் பந்தைக் கொடுக்காமல் எங்கேயோ தூரத்திலிருந்து எறிகிறார்கள். விழுந்தால் மூன்று புள்ளி, விழாவிட்டால் தோளைக் குலுக்கிவிட்டு நடக்கிறார்கள். எதிரணிக்காரன் லேசாக உரசினால் லாரி மோதியதுபோல விழுகிறார்கள். பந்தைத் தட்டாமல் நாலு எட்டு நடந்தாலும் நடுவருக்கு விசில் ஊத மனசு வருவதில்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எப்போதோ டிக்கெட் எடுத்துவைத்து, கொட்டுகிற பனியில் காரை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், நட்சத்திர ஆட்டக்காரன் கோட் சூட் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அடி எதுவும் இல்லையாம். லோட் மேனேஜ்மென்ட்டாம். அதாவது ஓய்வு.

பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் தெய்வங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கால ஆட்டங்களை இப்போது எடுத்துப் பார்த்தால், பாதிப் பேருக்கு இடதுகை எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்றைக்குக் கல்லூரியில் ஆடுகிற பெண்கள் அவர்களைவிட நன்றாகப் பந்தைத் தட்டுகிறார்கள். ஆனால் பந்து கோட்டைத் தாண்டப் போகிறது என்றால் பழையவர்கள் பாய்ந்து விழுந்தாவது பிடித்தார்கள். எனக்கு அது போதும்.

எனக்கு இப்படி ஒரு ரசனை வந்ததற்கு ஒரே ஒரு வீடியோ கேசட்தான் காரணம். என் அப்பா தல்லாகுளம் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியார். நானும் அங்கேதான் படித்தேன். பள்ளிக்கு வந்திருந்த வெள்ளைக்கார விருந்தாளி ஒருவர் ஊருக்குப் போகும்போது எங்கள் பி.டி. சாரிடம் அந்தக் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்தது ஒரே ஒரு அமெரிக்க ஆட்டம். பள்ளியில் அதைப் போட்டுப் பார்க்க வீடியோ டெக் கிடையாது. சீனி வீட்டில் இருந்தது. சீனி என் வகுப்பு, எங்கள் அணியின் கேப்டன். சௌராஷ்டிரக் குடும்பம், அவன் அப்பாவுக்குச் சேலைக்கடை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கையில் பைபிளோடு நேராக அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் அம்மா அவனை அவர்கள் பாஷையில் திட்டிக்கொண்டே எனக்குத் தமிழில் சாப்பிடச் சொல்வார்.

அந்த ஒரே ஆட்டத்தை மூன்று வருஷம் பார்த்தோம். வர்ணனையின் ஆங்கிலம் எங்களுக்குப் பிடிபடவில்லை என்பதால் ஆட்டக்காரர்களை நம்பர் வைத்துத்தான் தெரியும். பதினாலாம் நம்பர்க்காரன் அன்றைக்கு ஆடியதுதான் ஆட்டம். தரையில் நீச்சல் அடிப்பதுபோல விழுந்து பந்தைப் பிடுங்கினான். கடைசியில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரன் பதினாலுதான் என்று முடிவு செய்துவிட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் இரண்டாவது ஆட்டம் இல்லை. அவனைப் பார்த்து நாங்களும் சரளை மண்ணில் விழுந்து புரண்டோம். எங்களோடு மோத வரும் வாடிப்பட்டி பையன்கள் எங்களுக்கு வைத்த பெயரே ‘உருளுற டீமு’.

டெட்ராய்ட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், யார் பெரிய ஆட்டக்காரர் என்று அலுவலக கேன்டீனில் பேச்சு வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கேசட்டில் பார்த்த அணியின் பெயரைச் சொல்லி, அதன் பதினாலாம் நம்பர்க்காரன் என்று சொன்னேன். கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஜோக் அடித்ததாக நினைத்துவிட்டான். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து, மறுபடி சொல்லச் சொன்னான். நானும் விவரம் புரியாமல் மறுபடி சொன்னேன். வயதான ஒருவர்தான் பாவப்பட்டு விளக்கினார். பதினாலு மொத்தம் இரண்டே வருஷம் ஆடியவன். பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தான். அன்றைக்கு வழக்கமாக ஆடுகிறவனுக்குக் காலில் அடி, அதனால் இவனை இறக்கினார்கள். அந்த ஒரு ஆட்டம்தான் எப்படியோ மதுரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதை சீனியிடம் நான் சொல்லவில்லை. அவன் அப்பாவின் கடையையும் பார்த்துக்கொண்டு, காலையில் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சும்மாவே பயிற்சி கொடுக்கிறான். போன் பேசும்போதெல்லாம் பதினாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான். இங்கே இன்னும் அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பேன். ஒருமுறை வாய்க்கு வந்தபடி, அரங்கத்து வாசலில் அவன் படம் ஆளுயரத்துக்கு இருக்கிறது என்றுகூடச் சொல்லிவைத்தேன். அவன் மனசு நோகக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இந்த முறை விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சீனி கூப்பிட்டான். மைதானத்துச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று, பதினாலை வரையப் போகிறோம், நீ சொன்ன அந்த வாசல் படத்தை போட்டோ எடுத்துக்கொண்டு வா என்றான். வேறு யார் படத்தையாவது கொண்டுபோய் ஏமாற்றலாமா என்றுகூட யோசித்தேன். வெறுங்கையோடுதான் போனேன். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்து, படமும் இல்லை ஒன்றும் இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சீனி கேட்டு முடிக்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும்டா. டச் போன் வாங்குன மறுநாளே நெட்டுல தேடிப் பாத்துட்டேன். எட்டு வருசமாச்சு.”

“பெறகு ஏன்டா போட்டோ கேட்ட?”

“இப்பயாச்சும் சொல்லுவியான்னுதான். நாங்க இங்கன அம்புட்டு விவரங்கெட்டவய்ங்கன்னு நெனச்சிட்டயா மாப்ள? எங்களுக்குத் தாங்காதுன்னு நீயா முடிவு பண்ணிக்கிட்ட.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. அரங்கத்தில் என் கேள்வி புரியாமல் உடம்பைக் குறுக்கிக்கொண்ட அந்த மனிதரை எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் கூடப் பழகியவனை நான் புரிந்துகொண்ட லட்சணம் இதுதான். படத்தை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். வரையத்தான் போகிறேன், நமக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவன் அவன்தானே, அவன் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பற்றி எனக்கென்ன என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பழைய மாணவர்கள் ஆட்டம். வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நடப்பதுதான், ஆனால் கோடையில் மட்டுமே லீவு கிடைத்துவந்த எனக்கு இதுதான் முதல் தடவை. ஊரில் இருப்பவர்கள் ஒரு அணி, ஊரைவிட்டுப் போனவர்கள் ஒரு அணி. சென்னை, பெங்களூர், துபாய் எல்லாம் வெளியூர் கணக்கு. நான் பழக்கத்தில் சீனிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “நீ அங்கிட்டு மாப்ள” என்று அவன் கையைக் காட்டினான். வெளியூர்க்காரர்களின் மஞ்சள் பனியனை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

இரண்டாவது நிமிஷத்திலேயே மூச்சு வாங்கியது. தொப்பையோடு எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். சீனி இடதுபக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். அவனை இரண்டு பேர் மறித்தார்கள். மறித்தால் அவன் தலையைத் திருப்பாமல் வலது மூலைக்குப் பந்தை விடுவான், பள்ளி நாளில் அங்கே நான்தான் நிற்பேன். யோசிக்கவெல்லாம் இல்லை, கால் தானாக ஓடியது. பந்து சரியாக என் கைக்கு வந்தது. வெளியூர் அணி மொத்தமும் கைதட்டியது. நான் அதைத் தட்டிப் பறித்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சீனி மட்டும் நின்ற இடத்தில் நின்று என்னையே பார்த்தான். எனக்கு வரவேண்டிய பந்து என்றுதான் நான் ஓடியிருந்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எந்த வளையத்தைப் பார்த்து ஓடவேண்டும் என்று தெரியாமல், மஞ்சள் பனியனோடு பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.