அறுத்த கயிறுகள்

அவர் ஜவ்வாது மலையில் புளி உலுக்குபவர். கைகால்கள் குச்சி, வயிறு மட்டும் ஒரு பக்கமாகப் பிதுங்கிக் கிடக்கும். நான் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவன்.

உள்ளே வளர்ந்த கட்டியை எடுக்க மூன்று முறை அவர் வயிற்றைக் கிழித்தார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். அறுத்த கயிறுகளை அவர் எறியாமல் மடியில் முடிந்து வைத்திருந்தார்.

வயிறு மறுபடி பெருத்து அவர் வந்த அன்று, டாக்டர் தலைநிமிராமலே, “வெறும் தொப்பைதான். நல்லா நடங்க” என்றார்.

அவர் மூன்று கயிறுகளையும் மேசைமேல் நீட்டி வைத்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நாலு விரல் நீளம்.

“மலையேறி எறங்குறவன் இன்னும் இன்னா நடக்கணும்? ஆளு எளச்சிப் போய்ட்டேன், கயிறு மட்டும் இன்னாத்துக்குங்க நீளுது?”

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டேன். கூப்பிட்ட இந்த வாயை இன்றும் அறையத் தோன்றுகிறது.