இரண்டு எம்பி பெட்டியில் இருபத்தாறு சாமிகள்

"…அதுக்குன்னு சாமியக் கொண்டும்போயி குப்பத்தொட்டியில போடுவியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அந்த அக்கா கம்ப்யூட்டர் கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். அவர் விரல் காட்டிய இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குப்பைத்தொட்டி வரைந்திருந்தது. வேண்டாத மெயிலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தத் தொட்டியை அழுத்தினால் மெயில் போய்விடும். ஆங்கிலம் தெரியாத அக்காவுக்குப் படம் நன்றாகவே படிக்கத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த நான், ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, யாரும் சொல்லித்தராமல் தப்புத்தப்பாகத் தட்டியே மெயில் பழகிக்கொண்டேன். எங்கள் தெருவுக்கே ஒரு மெயில் முகவரிதான், என் கடையுடையது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அதையேதான் கொடுத்திருந்தார்கள். வருவதைப் பிரித்து வீட்டுக்கு ஓர் அறை என்று பெட்டிக்குள்ளேயே தனித்தனியாகப் போட்டுவைப்பேன். மாடிவீட்டு டீச்சருக்கு ஓர் அறை, ரேஷன் கடைக்காரருக்கு ஓர் அறை. யாராவது வந்து நின்றால் அவர் அறையைத் திறந்து வாசித்துக் காட்டுவேன்.

மத்தியான வேளைகளில் அந்த வேலை பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும். மோடம், யாரோ தகரத்தைத் தேய்த்துக்கொண்டே பாடுவதுபோல இழுக்கும். மேலே பயிற்சி விமானம் ஒன்று சோம்பலாக வட்டமடிக்கும். மின்சார ரயில் போனால் பூத்தின் கண்ணாடிக் கதவு லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு நடுவே ஒரு வரி, இன்னொரு வரி என்று எழுத்து இறங்கும். இத்தனை கடலைத் தாண்டியும் நனையாமல் வருகிறதே என்று கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்கு வேலை காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதிச் சமையற்கட்டில். சனிக்கிழமை தவறாமல் ஐந்து மணி ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நேராகக் கடைக்கு வருவார். ஒரே மகன், சரக்குக் கப்பலில் சமையல்காரன். துறைமுகம் வந்தால் மெயில், இல்லையென்றால் மௌனம். "போன்ல வாய் வாசன, காயிதத்துல கை வாசன. இதுல ரெண்டும் இல்ல, ஆனா வயிறு ரொம்பிப் பூடுது" என்பார். இப்படி யாராவது சொன்னால் உடனே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வது என் பழக்கம்.

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்பார்களே, வேண்டாத மெயில் அந்த ஜாதி. லாட்டரி விழுந்தது, எடை குறைக்க மாத்திரை என்று வருவதையெல்லாம் வந்த வேகத்தில் தள்ளிவிடுவேன். சாமி படங்களிடம்தான் என் ஜம்பம் செல்லவில்லை. எண்பதுகளில் வாசலில் ஒரு நோட்டீஸ் கிடக்குமே, இதை ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுத்தால் நல்லது, கிழித்தால் கெட்டது என்று. அதுவே இப்போது மெயிலில் கிளம்பியிருந்தது. முருகன், வேளாங்கண்ணி மாதா, பெருமாள் எல்லாரும் வண்ண வண்ணமாக வந்தார்கள், பதினோரு பேருக்கு அனுப்பச் சொல்லி. எங்கள் பக்கத்தில் போன வருஷத்துக் காலண்டரைக்கூட யாரும் கிழித்துப் போடமாட்டார்கள். கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு வருவார்கள். அதனால் பன்னிரண்டு வீடும் ஒருமுகமாகச் சொல்லிவிட்டது, எதை அழித்தாலும் அதை அழிக்கக் கூடாதென்று. நானும் வாக்குக் கொடுத்து, சாமிகளுக்கு என்றே ஓர் அறை திறந்தேன். பெட்டியின் மொத்தக் கொள்ளளவு இரண்டு எம்பி. எழுத்துக்கு எடையே இல்லை, படத்துக்குத்தான் எடை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பூத்துக்குப் போன் வந்தது. அக்கா மகன். எந்த ஊர்த் துறைமுகமோ, பின்னால் கடற்பறவைச் சத்தம். மூன்று தடவை மெயில் அனுப்பியும், கடையின் பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பி வந்துவிட்டதாம். நம் ஊர் நேரம் ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது, அதுவரைக்கும் மறுபடி அனுப்பிப் பார்ப்பேன் என்றான். "நான் எறங்கப்போற தேதி, ஊரு எல்லாம் அதுலதான் எழுதிக்கிறேண்ணா…" என்னும்போதே காசு தீர்ந்து தொடர்பு அறுந்துவிட்டது. ஆறு மணி தாண்டினால் அடுத்த துறைமுகம் ஒரு மாதம் கழித்து.

படிக்கிறவர்கள் பதற வேண்டாம், அந்த மெயில் வந்து சேர்ந்தது. கப்பல் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்டு இறங்குகிறான், கொச்சியில் இறங்கி ரயில் ஏறுகிறான் என்று நானே அக்காவுக்கு நாலு முறை வாசித்தேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய அரைமணி நேரத்தை.

அக்கா வந்ததும், சாமிகளை எடுத்தால்தான் மெயிலுக்கு இடம் என்று விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. சாமி அறையைத் திறந்து ஒவ்வொருவரையும் காட்டினேன். மெதுவான லைன், கிரீடம் முதலில் வரும், அப்புறம் நெற்றி, கண், உதடு. கனவில் ஒரு முகம் நினைவுக்கு வருவதுபோல வரும். பாதம் வரும்வரை அக்கா கைகூப்பியபடியே நிற்பார். இருபத்தாறு பேர். மூன்றாவது சாமிக்கே கால்மணி நேரம் ஓடிவிட்டது.

பிளாப்பித் தகட்டில் ஒரு பிரதி பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டு அழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"போட்டா புட்சிக்கினா மட்டும் இன்னா? ஆளு அங்கதான நிக்கிறாரு" என்றார்.

சரி, மாதா படங்களையாவது முதலில் எடுத்துவிடுவோம், அவை மாடிவீட்டு டீச்சருக்கு வந்தவை, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் கோபம். "யாரு வூட்டு சாமியா இருந்தா இன்னா தம்பி, அவங்களும் புள்ளயத் தூக்கிக்கினுதான நிக்கிறாங்கோ. இதுக்குள்ள மரத்தடி மாரி எதுனா கீதான்னு பாரேன்."

இருந்தால் நானே முதலில் கொண்டுபோய்ச் சாய்த்திருப்பேன். கடிகாரம் ஐந்தே முக்காலைத் தொட்டிருந்தது. இருபத்தாறு பேருக்கும் பக்கத்தில் அடையாளக் குறி போட்டு முடித்து, அம்பைத் தொட்டியின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். கொடுத்த வாக்கை என் விரலால் மீற எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் அக்கா அந்தத் தொட்டிப் படத்தைக் கவனித்ததும், முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டதும்.

ரயில் ஒன்று போய், கண்ணாடிக் கதவு நடுங்கி அடங்கியது. அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். நெற்றியில் இருந்த சாந்து நிற ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்து, திரையில் அந்தக் குப்பைத்தொட்டி தெரியாதபடி அதன்மேல் ஒட்டினார். ஓரங்களை விரலால் ஒருமுறை அழுத்தி விட்டார். பிறகு என் கையைத் தேடாமல், மௌஸின் மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.