மியூட் இல்லாத மீட்டிங்

சென்னைக் கம்பெனிக்கு விருத்தாசலத்துலேருந்து, வூட்டு மாடி ரூம்ல குந்திக்கிட்டேதான் நான் வேலை பாக்கறேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா மட்டும் ஆபீசுக்கு நேர்ல போவணும். அலுத்துக்குவேன்னு நெனைக்கறீங்களா? ஜன்னலோர சீட்டு, விழுப்புரம் ஸ்டேஷன்ல வடை, டீ. எனக்கு அது திருவிழா.

ஆனா போன தடவை வடையும் எறங்கல, டீயும் எறங்கல. எல்லாரும் சென்னைக்கே குடி வந்துரணும், அதைப் பேசத்தான் மீட்டிங்னு மேனேஜர் மெயில் போட்டிருந்தார். என் வூட்டுக்காரர் பீங்கான் பொம்மை பண்றவர். சூளையும் ஆளுங்களும் இங்கதான். நான் போனா குடும்பம் ரெண்டாயிரும், போவலன்னா வேலை போயிரும். "பொறுமையாப் பேசு, வாயைக் குடுத்து மாட்டிக்காத"ன்னு சொல்லித்தான் அவர் என்னை ரயிலேத்திவிட்டார்.

அவர் பயத்துல நியாயம் இருக்குது. வூட்டுலேருந்து மீட்டிங்ல இருக்கும்போது மேனேஜர் அங்க பேசப் பேச, நான் கேமராவை அணைச்சு, மியூட்டப் போட்டுட்டு, இங்க பதில் குடுத்துக்கிட்டே இருப்பேன். "அடப்பாவி, நேத்து வேற மாதிரி சொன்னியே!" அப்படி வாய்க்கு வந்தபடி பேசினாத்தான் எனக்கு வேலையே ஓடும்.

சென்னையில சரியான மழை. தொப்பலா நனைஞ்சு ஆபீசுக்குள்ள நுழைஞ்சேன். எல்லாரும் வந்தாச்சு, மேனேஜரைக் காணோம். இதே ஊரு வேளச்சேரியில அவர் தெருவுல தண்ணி நிக்குதாம்! சுவத்து டிவியில அவர் முகம் வந்துச்சு. வூட்டு சோபாவுல சாஞ்சுக்கிட்டு, "முகத்துக்கு முகம் பாத்தாதாங்க வேலை நடக்கும்"னு ஆரம்பிச்சார்.

டிவியில அவரைப் பாத்ததும் எனக்கு மாடி ரூம்ல இருக்கற நெனப்பு வந்திருச்சு.

"யோவ், விருத்தாசலத்துலேருந்து நான் வந்து குந்தியிருக்கேன், வேளச்சேரிலேருந்து உன்னால வர முடியல. பேச்சைப் பாரு பேச்சை!"

பக்கத்துல இருந்த பொண்ணு என் தொடையைக் கிள்ளுச்சு. அப்பதான் உறைச்சுது, இங்க ஏது மியூட்டு? ஐயோ, போச்சுடா! வேலையும் போச்சு, மானமும் போச்சு. "சார், மன்னிச்சிருங்க"ன்னு எழுந்து நின்னுட்டேன்.

அவர் தன்னோட சோபாவைப் பாத்தார். ஜன்னல் வழியா தெருவை எட்டிப் பாத்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சார் பாருங்க, ரூமே கொல்லுன்னு சிரிச்சுது.

"யாரும் குடி வர வேணாம்மா. அங்கேருந்தே வேலை பாருங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆபீசுக்கு வந்தாப் போதும்"னவர், கொஞ்சம் தயங்கிட்டு, "நானும் வரப் பாக்கறேன்"னார்.