எல்லாம் நல்லா இருக்குதுங்க

போன வாரம் வீரபாண்டியில் இருக்கும் நண்பர் தங்கவேலின் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றுகொண்டிருந்தார். மேஜை மேல் ஒரு குழந்தை டி-ஷர்ட். வெள்ளைத் துணி, சிவப்புக் கழுத்துப்பட்டி... அதைச் சுற்றி ரோஸ் நிறத்தில் கறை.

"ஒரு தடவை தண்ணில போட்டதுமே சாயம் இறங்கிருச்சுங்க. வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க பூராச் சரக்கையும் வேண்டாம்னுட்டாங்க. அடுத்த ஆர்டரும் கேன்சலுங்க."

அந்த ஆர்டர் இல்லையென்றால் மாடியில் ஓடும் தையல் லைனை மூட வேண்டும். அத்தனை பேருக்கும் வேலை போகும்.

தப்பு சாயப்பட்டறையுடையது. சரி. ஆனால் வெட்டி, தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் போட்டு... எத்தனை கை மாறியிருக்கும்? ஒருவர் கண்ணில்கூடவா படவில்லை?

தங்கவேல் எல்லோரையும் கூப்பிட்டு அதையே கேட்டார். நானும் ஓரமாக நின்றேன்.

"ஏனுங்கம்மா, யாருமே பாக்கலீங்களா?"

அயர்ன் போடும் அந்தோணியம்மாள் முன்னால் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்.

"நான் பாத்தேன் சார். ஸ்டீம் பட்டதுமே வெள்ளையில செவப்பு ஏறிச்சு."

"அப்பறம் ஏன் சொல்லலீங்க?"

"ஆடிட்டுக்கு வந்தவுக எது கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னீய. எங்கூட அயர்ன் போட்ட மாரிச்செல்வி மட்டும் குடிதண்ணி சரியில்லன்னு சொன்னா. மறுநாளு அவள கேட்டுலயே நிறுத்திட்டீயளே சார்."

எங்கள் ஊரில் இது வழக்கம்தான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் ஆடிட் என்று சோதனைக்கு வருவதற்கு முதல் நாள் ஒத்திகை நடக்கும். தண்ணீர் எப்படி? நல்லா இருக்குதுங்க. ஓவர்டைம்? இல்லீங்க. பள்ளிப் பிள்ளைகள் போல ஒப்பிப்பார்கள். கேட்டு நானே சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பேச்சுரிமை என்றால் மேடை, மைக், கோர்ட் என்றே நினைக்கிறோம். அது தொழிலுக்கும் மூலதனம் என்று யார் நினைக்கிறோம்? தண்ணீரைப் பற்றிப் பேசினால் வேலை போகும் என்று காட்டிவிட்டு, சாயத்தைப் பற்றி மட்டும் பேசு என்றால் எவர் பேசுவார்? பயந்தவர்கள் நமக்குப் பிடித்ததை மட்டும்தான் சொல்வார்கள். அதை நம்பி நாம் கப்பலில் சரக்கு ஏற்றுவோம்.

தங்கவேல் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"இனிமே எதுன்னாலும் தைரியமாச் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டனுங்க."

அந்தோணியம்மாள்தான் பதில் சொன்னார்: "மொதல்ல மாரிச்செல்விய வேலைக்குக் கூப்பிடுங்க சார். பெறவு நாங்க பேசுதோம்."

இதை எழுதும்வரை தங்கவேல் அந்தப் பெண்ணைக் கூப்பிடவில்லை. அங்கே இன்னமும் எல்லோரும் அமைதியாக வேலை பார்க்கிறார்கள்.