நாற்பது சீட்டுக்கும் ஒரே முதுகு

இந்த ஊரில் விளையாடுவதற்கு முன்னால் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கீழ்வீட்டு உர்சுலா விளையாட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் விதிப்புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசிப்பார். எல்லாரும் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் பேச்சு மூச்சு கிடையாது. ஜெர்மனிக்கு வந்த புதிதில், இவர்களுக்குள் ஏதோ சண்டை என்றே நினைத்தேன். உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் தாயக்கட்டை உருண்டால் போதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகவே எந்தக் காயை நகர்த்துவது என்று கத்துவார்கள். பாதி ஆட்டத்தில் யார் வந்தாலும் அவருக்கும் ஒரு காய் உண்டு. இங்கே தாமதமாக வந்தவர் ஆட்டம் முடியும்வரை காப்பியைக் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு வருஷமாக நான் இங்கே கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர். பார்க்கிறவர்கள் எல்லாரும் "உங்கள் கணவர் என்ன செய்கிறார்?" என்றுதான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைக் கேட்டால்தானே சொல்ல முடியும், உத்திரமேரூர் பஜாரில் சேகர் அண்ணன் ஸ்டுடியோவில் போட்டோஷாப் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று! அதனால் உர்சுலா, மேசை விளையாட்டு வடிவமைக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு ஒன்று இருக்கிறது, நானும் போகிறேன் என்று சொன்னதும், வீட்டில்கூடக் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டேன். வகுப்பு முடிவில் ஒரே ஒரு விளையாட்டை மட்டும் அச்சடித்து, செய்தவர் பெயர் போட்டு, ஊர் நூலகங்களில் வைப்பார்கள். அந்தப் பெட்டியின் மேல் நசீமா என்று என் பெயர் வரவேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், நகை நட்டுக்குக்கூட நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

சேகர் அண்ணன் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாண ஆல்பம்தான் முக்கால்வாசி வேலை. துபாயிலும் சவுதியிலும் மாட்டிக்கொண்ட அண்ணன்மார்களைப் பழைய போட்டோவிலிருந்து வெட்டியெடுத்து மணப்பெண் பக்கத்தில் நிறுத்துவேன். முடியோரத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, நிழல் எல்லாருக்கும் ஒரே பக்கம் விழச்செய்தால், ஆள் வந்து நின்றதாகவே இருக்கும். சேகர் அண்ணனுக்கு ஒரே சட்டம்தான். வெறும் இடம் இருக்கக்கூடாது. "இன்னாம்மா நசீமா, இந்தப் பக்கம் வெள்ளையா கீது? பொண்ணு வூட்டுக்காரங்க சும்மா வுடுவாங்களா?" என்பார். ஒரே டிசைன் இரண்டு பக்கத்தில் வந்தாலோ அவ்வளவுதான். "ஏமாத்திக்கினு கீறோம்னு சொல்லுவாங்கம்மா, மாத்து மாத்து." ஐந்து வருஷம் அப்படியே மாற்றி மாற்றிப் பழகிய கை என்னுடையது.

வகுப்பில் ஆசிரியர் மார்ட்டின், வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் படத்தை நீட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளை தெரியும் என்று பாடம் நடத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்கள் கோட்டையும் டிராகனும் வரைந்தார்கள். நானோ ஊரிலிருந்து கொண்டுவந்த சிடியில் இருந்த பஜார் போட்டோக்களைத் திறந்தேன். நாற்பது சீட்டு, நாற்பது ஆள். வளையல் கடை பாய், படியில் தொங்கும் காஞ்சிபுரம் பஸ் கண்டக்டர், வெள்ளரிக்காய் விற்கும் அஞ்சலை அக்கா, கடைசியில் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னால் நான். எதிராளி கையில் இருப்பது யார் என்று ஊகித்து, அவர்களிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, பஸ் கிளம்புவதற்குள் ஏறிவிட வேண்டும். இதுதான் ஆட்டம். சீட்டுகளின் பின்பக்கத்துக்கு, அந்த முதுகுக்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் கடையின், பஸ்ஸின் தகரம், பலகை, படுதா. ஒன்றுபோல் ஒன்று இல்லை.

ஆடிப்பார்க்கும் நாளில் உர்சுலாவும் இன்னும் மூவரும் உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு சுற்று அமைதி. பிறகு உர்சுலா வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். உன்னிடம் வளையல்காரர், உன்னிடம் கண்டக்டர். ஒன்றும் தப்பவில்லை. ஜெயித்துவிட்டு, "நசீமா, எனக்கு எல்லாரையும் தெரிகிறது" என்றார் மெதுவாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டில் நம் பஜார் ஆட்களை அடையாளம் தெரிகிற ஒருத்தி! அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிரியாணி சாப்பிட வாருங்கள் என்றேன். அவர் முகம் சங்கடப்பட்டது. மார்ட்டின் இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் காட்டினார். "முதுகைப் பார்த்தே தெரிகிறது என்கிறார். ரகசியம் இல்லையென்றால் ஆட்டமே இல்லை." யாரோ சிரித்தார்கள். எங்கள் வீட்டில் சீட்டு ஹராம். தொட்டால் அத்தா தோலை உரித்துவிடுவார். சீட்டுக்கட்டுக்கு முதுகு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

திருத்த ஒரு வாரம் கொடுத்தார்கள். ஊரில் தங்கை மும்தாஜிடம் போனில் சொன்னபோது அவள் குதித்தாள். "இன்னாக்கா அநியாயமா கீது! வளையல் பாய்க்கும் அஞ்சலை அக்காவுக்கும் ஒரே டிசைனா? தெரிஞ்சா பேஜார் பண்ணிடுவாங்க." "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போனை வை" என்று கத்திவிட்டு, ஆத்திரத்தில் அழுதேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு கடையாக அழித்து, நாற்பதுக்கும் ஒரே நீலக் கோடு போட்டேன். பஜாரில் நான் புர்காவில் போனாலும் பின்னாலிருந்து நடையைப் பார்த்தே, "நசீமா, இன்னா இவ்ளோ வேகமா போற?" என்பார்கள். இங்கே மாடிப்படியில் நேருக்கு நேர் பார்த்தும், எந்த நாடு என்று மறுபடி கேட்கிறார்கள்.

என் விளையாட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டி வந்ததும் என் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வீணாய்ப்போன பழைய சீட்டுக்கட்டை, ஊருக்குப் போனவரிடம் மும்தாஜுக்குக் கொடுத்தனுப்பினேன்.

போன ஞாயிறு போன் செய்தால் ஒரே இரைச்சல். எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கிறார்களாம். "அத்தா?" என்றேன் பயந்துபோய். "அவர்தான் மொத ஆளா ஒக்காந்துக்கினு கீறாரு. இது சீட்டு இல்ல, நம்ம பஜாருன்னுட்டாரு." "முதுகைப் பார்த்தா தெரிஞ்சிடுமேடி?" "தெரிஞ்சா இன்னா? யார் கைல யாருன்னு தெரிஞ்சிக்கினே சண்டை போடறதுதான்கா ஜாலி." பிறகு சொன்னாள். "ஒரு சீட்டு கொறையுதுக்கா. ஒன்னோடது. வெள்ளை அட்டைய வெட்டி வெச்சிக்கினோம். பின்னாடி ஒண்ணுமே இல்லியா, தூரத்துலர்ந்தே நீதான்னு தெரிஞ்சிடுது."

தேடினேன். வகுப்புப் பையின் அடியில் கிடந்தது. புதுச் சீட்டுக்கட்டில் செருகிப் பார்த்தேன். அத்தனை நீலக் கோடுகளுக்கு நடுவில் ஸ்டுடியோவின் பச்சைப் பலகை பளிச்சென்று தெரிந்தது. உருவிவிட்டேன். ஊருக்கு அனுப்பலாம்தான். ஆனால் அங்கே என் இடத்தில் வெள்ளை அட்டை உட்கார்ந்துவிட்டது. இன்று ஞாயிறு, மணி மூன்று. கீழே உர்சுலா விதிகளை வாசிக்கத் தொடங்கிவிட்டார். நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாதி மாடிப்படியில் நிற்கிறேன்.