கட்டிலில் கிடந்தவர் கேட்ட பாடம்

மாரிமுத்துவைத் தர்மபுரத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியபோது நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய தலைப்பு, மூச்சு நின்ற நோயாளிக்கு முதலில் செய்ய வேண்டியவை. பாடம் முடியும் முன்பே பாடத்துக்கேற்ற நோயாளி வந்து சேர்வது, அந்தக் காலத்து வன்னியில் எங்களுக்கிருந்த மிகச் சில வசதிகளில் ஒன்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. எங்கள் வைத்தியசாலையும் இடம்பெயர்ந்து வந்ததுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் இயங்கியது. பயிற்சி வைத்தியர்களுக்கு அவசர சிகிச்சை கற்பிப்பது என் பொறுப்பு. அவர்களில் சுகந்தன் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிப்பான். ஜெயராணி முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை. கை ஓய்ந்தாலும் அவளுக்கு வாய் ஓயாது.

மாரிமுத்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் மிளகாய்ச் செய்கை பண்ணியவர். தரையில் படுத்துத் தூங்கியிருக்கிறார். விடியும்போது வயிற்றுவலி.

"இப்ப கண்ணத் தொறக்க முடியலங்கய்யா, எச்சி முழுங்க முடியல," என்று அழுதார் மனைவி செல்லம்மா.

சுகந்தன் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தான். "கடிகாயம் ஒண்டும் இல்லை, சேர்."

"எட்டடி விரியன் பாம்பு கடிச்சால் காயம் தெரியாது, தேடிக்கொண்டிராதையும். மூச்சைப் பாரும்."

மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் குழாய் வைத்தோம். இருந்த விஷமுறிப்பு மருந்தை ஏற்றினோம். சுவாச இயந்திரம் எங்களிடம் இல்லை. குழாயின் நுனியில் ரப்பர் பையைப் பூட்டிக் கையால் அமுக்கினால் மூச்சு, அமுக்காவிட்டால் மரணம். அவ்வளவுதான் ஏற்பாடு. மாறி மாறி அமுக்கும்படி எல்லோரையும் நிறுத்திவிட்டு, கட்டிலடியிலேயே பாடத்தைத் தொடர்ந்தேன்.

"இந்த விஷம் தசையைத்தான் கட்டிப்போடும், அறிவையில்லை. இவருக்குக் காது கேக்கும். கண்டபடி கதைக்காதேங்கோ."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சொன்னதை அவர்கள் மிகக் கவனமாகப் பின்பற்றினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகு கெட்ட செய்திகளையெல்லாம் இங்கிலீசில் பேசினார்கள்.

மறுநாள் இமையை விலக்கி மாரிமுத்துவின் கண்மணிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. போர்க்காலத் தடையால் டோர்ச் பற்றறி வன்னிக்குள் வருவதில்லை. ஜெயராணி தன் முகம் பார்க்கும் கண்ணாடியால் யன்னல் வெயிலைத் திருப்பி அடித்தாள். கண்மணிகள் அகல விரிந்து கிடந்தன, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. சுகந்தன் இங்கிலீசுக்கு மாறினான். மூளை இறந்துவிட்டது, எல்லோருக்கும் கை வீங்கிவிட்டது, வெளியே வேறு நோயாளிகள் காத்திருக்கிறார்கள், நிறுத்திவிடுவோம் என்றான்.

இந்த விஷம் கண்மணியையும் அப்படித்தான் ஆக்கும் என்று நானும் இங்கிலீசிலேயே விளக்கினேன். அவன் நம்பவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆள் பிழைத்தால் நல்லது, பிழைக்காவிட்டாலும் நீங்கள் பை அமுக்கப் பழகியதாவது மிஞ்சும், தொடருங்கள் என்றேன். நல்லாசிரியர் ஒருவர் பேசியது போலத்தான் அப்போது என் காதுக்குக் கேட்டது.

தொடர்ந்தார்கள். சுகந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆனால் தாளம் தப்பாமல் அமுக்கினான். ஜெயராணி தனக்கு வந்திருந்த கனடா மாப்பிள்ளையின் கதையைச் சொல்லிச் சொல்லி அமுக்கினாள். அது சொந்தக் கதை என்பதால் தமிழில் சொன்னாள்.

பிறகு ஒரு காலைப்பொழுதில் அவளே கத்தினாள்: "யேசுவே! சேர், ஓடி வாங்கோ, கால்விரல் அசையுது!"

குழாயைக் கழற்றி, அவருக்குக் குரல் திரும்பியதும், எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தினேன். வெற்றியைக் காட்டாமல் விட எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

"எப்பிடி இருக்கு, மாரிமுத்து?"

"ஃபைன், தேங்க் யூ, சேர்."

சுகந்தன் கட்டிலைவிட்டு ஓரடி பின்வாங்கினான்.

"ரொம்ப வருசம் தொரை பங்களாவுல சமையல்காரனா இருந்தேங்கய்யா," என்றார். "தொரையும் தொரசாணியும் சண்டை போடுறது எல்லாம் இங்கிலீசுலதான். கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு."

மெல்ல சுகந்தன் பக்கம் பார்த்தார். "தம்பி நிப்பாட்டிருவோம்னு சொன்னப்ப கத்தினேங்க. உசிரு இருக்கு, விட்டுறாதீங்கன்னு கத்தினேன். எனக்கே சத்தம் கேக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளைங்க பழகுறதுக்காவது அமுக்கட்டும்னு ஐயா சொன்னீங்க. சரி, இவங்க பழகி முடிக்கிறவரைக்கும் நமக்கு உசிரு இருக்கும்னு அதையே புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

குத்திக் காட்டவில்லை, நன்றியாகத்தான் சொன்னார். குத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜெயராணி நழுவப் பார்த்தாள். அவர் விடவில்லை. "அம்மா, அந்தக் கனடா மாப்பிள்ளை வேணாம்மா. போட்டோவ மாத்தி மாத்தி அனுப்புற ஆளு சரிப்பட்டு வரமாட்டாரு."

வார்டே சிரித்தது, செல்லம்மாவும்கூட. சுகந்தன் மட்டும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ, அண்ணை."

"அட, நல்லா அமுக்கினது நீங்கதான் தம்பி. அந்தம்மா கதை சுவாரசியமாப் போறப்ப எனக்கு ஒரு மூச்சு கொறஞ்சிரும்."

பல ஆண்டுகள் கழித்து, நான் ஓய்வு பெற்ற பின், சுகந்தன் தன் வகுப்பைப் பார்க்க என்னை வவுனியாவுக்கு அழைத்தான். இப்போது அவன் ஆசிரியன். பயிற்சிக்கு ஆளளவில் ரப்பர் பொம்மை இருந்தது. அதன் காதருகே குனிந்து, தமிழில் நிதானமாகச் சொன்னான்:

"ஐயா, நான் டொக்டர் சுகந்தன். தொண்டைக்குள்ளை குழாய் வைக்கப்போறன், கொஞ்சம் நோகும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "சேர், அது பொம்மையெல்லோ?"

சுகந்தன் நிமிரவில்லை.

"ஓம். எது பொம்மை, எது ஆள் எண்டு பாத்துப்போட்டுத்தான் கதைப்பன் எண்டு நிண்டால், ஒருநாளைக்குப் பிழை விட்டிடுவன், பிள்ளை."